சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: சென்டினல் ஏவுகணையின் கணக்கு

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட 7,770 ரூபாய் ஆகும் என்று மேஸ்திரி சொல்கிறார். வீட்டுக்காரரும் தலையாட்டி விடுகிறார். ஏறக்குறைய நாலு வருஷம் கழித்து (ஆமாம், நாலு வருஷம்!) அதே மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கிறார். "14,090 ரூபாய் ஆகும் சார். தொட்டி இன்னும் எழும்பல. இன்னும் சில வருஷம் தள்ளிப் போகும்." எந்த வீட்டுக்காரராவது "அதனாலென்ன, நீங்களே செய்யுங்க" என்பாரா?

ரூபாய் என்ற இடத்தில் கோடி டாலர் என்று போட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 8-ஆம் தேதி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை செய்தது அதைத்தான். தொட்டியின் பெயர் சென்டினல். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை.

2020 செப்டம்பரில் போட்ட மதிப்பீடு 7,770 கோடி டாலர். 2024 ஜூலையில் வந்த மதிப்பீடு 14,090 கோடி டாலர். கூடியது 81 சதவீதம். இரண்டுமே 2020 விலைவாசியில் போட்ட கணக்கு என்பதால் பணவீக்கத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. அமெரிக்காவில் பிறந்த குழந்தை முதல் பல் போன கிழவர் வரை தலைக்கு 400 டாலருக்கு மேல் வருகிறது. இது வாங்கும் செலவு மட்டும்தான். தலையில் வைக்கும் அணுகுண்டுக்கு வேறொரு துறையின் பட்ஜெட். பராமரிப்பு அதற்கும் மேலே. 2075 வரை எல்லாம் சேர்த்து 26,400 கோடி டாலர் ஆகும் என்று 2020-லேயே, அதாவது விலை எகிறுவதற்கு முன்பே, அவர்களே கணக்குப் போட்டிருந்தார்கள்.

அணு ஆயுதம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை இந்தக் கட்டுரை. அதை ஆயிரம் பேர் பேசியாயிற்று. இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. இந்தக் கணக்குப் புத்தகம் சரியா?

சரியில்லை. அதுவும் சின்னத் தப்பு அல்ல, ஆடிட்டர் கையெழுத்துப் போடவே கூடாத அளவுக்குத் தப்பு.

பழையது என்ன, புதியது என்ன?

இப்போது அமெரிக்காவின் நிலத்துக்கடியில் நிற்பவை மினிட்மேன் 3 ஏவுகணைகள். முதல் தொகுதி 1970-ல் நிறுத்தப்பட்டது. மொன்டானா, வடக்கு டகோட்டா, வயோமிங், நெப்ராஸ்கா, கொலராடோ என்று ஐந்து மாநிலங்களின் கோதுமை வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே 450 ஏவுகுழிகள். அவற்றில் 400 ஏவுகணைகள். பத்து ஏவுகணைக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை என்று 45 அறைகள். ஒவ்வொரு அறையிலும் பூமிக்கடியில் இரண்டு அதிகாரிகள், 24 மணி நேரமும் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்று அடுக்குத் திட எரிபொருள் ராக்கெட் அது. திட எரிபொருள் என்பதால் கடைசி நேரத்தில் நிரப்ப வேண்டிய அவசியமில்லை. உத்தரவு வந்தால் சில நிமிஷத்தில் கிளம்பிவிடும். அரை மணி நேரத்தில் பூமியின் மறுபக்கத்தில் விழும். தலையில் இருப்பது ஹிரோஷிமாவில் போட்டதைப் போல 20 மடங்கு சக்தி கொண்ட குண்டு. கிளம்பிய பிறகு திரும்பக் கூப்பிட முடியாது. நடுவானில் வெடிக்க வைக்கவும் முடியாது.

பத்து வருஷம் தாக்குப் பிடித்தால் போதும் என்று வடிவமைத்த சாமான், ஐம்பது வருஷம் தாண்டி நிற்கிறது. எட்டு அங்குல ஃபிளாப்பி டிஸ்கையே 2019-ல்தான் தலைமுழுகினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள் :-) ஆக, பழசாகிவிட்டது என்பது உண்மை. அதை மறுப்பதில் பிரயோஜனமில்லை. இதற்குப் பதிலாக வரவேண்டியதுதான் சென்டினல். அதே மூன்று அடுக்கு, அதே திட எரிபொருள், அதே குழி, அதே வேலை. முதல் ஏவுகணை 2029-ல் தயாராகும், 2036-க்குள் எல்லாம் முடியும் என்றார்கள். 2024 அறிவிப்பில் அது பல வருஷம் தள்ளிப் போயிற்று.

சுமைகூலி

விலை எங்கே ஏறியது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ராக்கெட்டில் அல்ல! பெரும்பகுதி ஏறியது குழியிலும் கேபிளிலும் கட்டுப்பாட்டு அறையிலும்தான்.

ஆரம்பத் திட்டம் என்ன? பழைய குழியைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துப் புது ஏவுகணையை இறக்கிவிடலாம், செலவு மிச்சம். கலிபோர்னியாவின் வான்டன்பர்க் தளத்தில் ஒரு பழைய குழியை மாற்றிப் பார்த்தபோதுதான் நினைத்ததைவிடச் செலவும் சிக்கலும் அதிகம் என்று தெரிந்தது. 2025 மே மாதம் விமானப்படை ஒத்துக்கொண்டது: பழைய குழிகள் உதவாது, பெரும்பாலும் புதிதாகத்தான் வெட்ட வேண்டும். அறுபதுகளில் போட்ட கான்கிரீட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க 2025 வரை காத்திருந்தார்களா? பழைய வீட்டை வாங்குகிறவர்கள்கூட முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார்களே!

அப்புறம் கேபிள். சுமார் 12,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய செம்புக் கம்பிக்குப் பதிலாக ஃபைபர் கேபிள் இழுக்க வேண்டும். அது ஓடுவது விவசாயிகளின் சொந்த நிலத்துக்கு அடியில். ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், தோண்ட வேண்டும். நெப்ராஸ்காவில் கிம்பால் என்று ஒரு சிற்றூர். மக்கள் தொகை சுமார் 2,300. அங்கே 2,500 முதல் 3,000 கட்டுமானத் தொழிலாளர்களைக் குடியமர்த்த முகாம் போடுவதாகத் திட்டம். ஊரைவிட முகாம் பெரியது! தண்ணீருக்கும் சாக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் அந்த ஊர் என்ன செய்யும் என்பது எந்தப் பத்தியிலும் வராத செலவு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

ஒரே ஒரு டெண்டர்

போட்டி இருந்தால் விலை குறையும் என்பது முதல் வருஷ வணிகவியல் பாடம். இங்கே போட்டி எப்படி நடந்தது தெரியுமா?

2017 ஆகஸ்டில் போயிங், நார்த்ராப் க்ரம்மன் என்ற இரண்டு கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவில் இவ்வளவு பெரிய திட எரிபொருள் மோட்டார் செய்யக்கூடிய கம்பெனிகள் அப்போது இரண்டே இரண்டு. அதில் ஒன்றான ஆர்பிட்டல் ஏடிகேயை 2018-ல் நார்த்ராப் விலைக்கு வாங்கிவிட்டது. இட்லிக் கடைப் போட்டியில் ஒரு கடைக்காரர் ஊரின் மாவு மில்லையே வாங்கிக்கொண்ட மாதிரி. இந்தப் போட்டி நியாயமாக இல்லை என்று சொல்லி 2019 ஜூலையில் போயிங் விலகிக்கொண்டது. மிச்சம் ஒரே ஒரு டெண்டர். 2020 செப்டம்பரில் 1,330 கோடி டாலர் வளர்ச்சி ஒப்பந்தம் நார்த்ராப் கைக்குப் போயிற்று. அதுவும் காஸ்ட் ப்ளஸ் வகை ஒப்பந்தம். ஆன செலவையும் கொடுத்து மேலே லாபமும் கொடுப்பது.

சட்டப்படி எல்லாம் சரி. யாரும் திருடவில்லை, யார் மேலும் வழக்கில்லை. ஆனால் ஒரே விற்பனையாளர், வாங்கியே தீருவேன் என்கிற வாடிக்கையாளர், செலவை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம்... இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் விலை ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த வாடிக்கையாளர் ஏன் வாங்கியே தீருவேன் என்கிறார்? தளங்கள் இருக்கும் மாநிலங்களின் செனட்டர்களும், ராக்கெட் வேலை நடக்கும் யூட்டாவின் செனட்டர்களும் கூட்டணியாகவே செயல்படுகிறார்கள். கட்சி பேதமெல்லாம் இதில் கிடையாது. நிலத்தில் நிற்கும் ஏவுகணை 400-க்குக் கீழே குறையக் கூடாது என்று பாதுகாப்புச் சட்டங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைக்கிறது காங்கிரஸ். 400 ஏன் தேவை என்று கேட்டால் சட்டம் சொல்கிறது என்பார்கள். சட்டம் ஏன் சொல்கிறது என்று கேட்டால் தேவை என்பதால் என்பார்கள். சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லைதான்!

கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும்

இதைத் தடுக்க அமெரிக்காவில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 1982-ல் வந்தது, நன்-மெக்கர்டி சட்டம் என்று பெயர். ஒரு ராணுவத் திட்டத்தின் ஒரு யூனிட் செலவு, நடப்பு மதிப்பீட்டைவிட 25 சதவீதமோ முதல் மதிப்பீட்டைவிட 50 சதவீதமோ தாண்டினால் அந்தத் திட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும். பாதுகாப்புத் துறை சில விஷயங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் மட்டும் தொடரலாம். சென்டினல் ஒன்றின் விலை 11.8 கோடி டாலரிலிருந்து 16.2 கோடி டாலர் ஆனதும் 2024 ஜனவரியில் இந்தச் சட்டம் விழித்துக்கொண்டது. ஆறு மாதம் ஆய்வு நடந்தது. ஜூலையில் விலை இன்னும் ஏறியிருந்தது, சான்றிதழும் வந்துவிட்டது. தேசப் பாதுகாப்புக்கு அவசியம், இதைவிடக் குறைந்த செலவில் மாற்று இல்லை, தொடரலாம்.

இங்கேதான் சூட்சுமம். சட்டம் கேட்கும் கேள்வி, "இதே ராணுவத் தேவையை நிறைவேற்ற இதைவிட மலிவான மாற்று உண்டா?" என்பது. அந்தத் தேவையே வேண்டுமா என்று அது கேட்பதில்லை. தேவை என்று எழுதியிருப்பது நிலத்தில் நிற்கும் ஏவுகணை. அப்புறம் மாற்று எங்கிருந்து வரும்? மாட்டுவண்டி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டு, மாட்டுவண்டியைவிட மலிவான மாட்டுவண்டி உண்டா என்று ஊரெல்லாம் தேடி, இல்லை என்று சான்றிதழ் கொடுத்த கதை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மினிட்மேனின் ஆயுளை இனியும் நீட்டிப்பது கட்டுப்படியாகாது, அதனால் சென்டினல்தான் வழி என்று 2021-ல் அமெரிக்க அணு ஆயுதப் படைத் தலைவரே சொன்னார். சென்டினல் தாமதமானதும் என்ன ஆயிற்று? தேவைப்பட்டால் மினிட்மேனை 2050 வரை ஓட்டலாம் என்கிறது விமானப்படை. 2025 செப்டம்பரில் வந்த அரசுத் தணிக்கை அலுவலக அறிக்கை இதைச் சொல்கிறது. உதிரிபாகம் கிடைக்காது, ஆபத்து கூடும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டுதான். ஆனாலும் வாங்க வைக்கும்போது முடியாததாக இருந்தது, வாங்கிய பிறகு முடிகிறதாக ஆனது எப்படி?

46 சென்ட்

இதுவரை சொன்னதெல்லாம் பணக்கணக்கு. இனி வருவதுதான் முக்கியம்.

பாலன்ஸ் ஷீட்டில் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று ஒரு சமாச்சாரம் உண்டு. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிற பொறுப்பு. தோற்றால் கட்ட வேண்டிய வழக்கு மாதிரி. மொத்தத்தில் சேர்க்க மாட்டார்கள், ஆனால் அடிக்குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். எழுதாத கம்பெனியை யாரும் நம்ப மாட்டார்கள். சென்டினலின் கணக்கில் அந்த அடிக்குறிப்பு இல்லை.

குழியில் நிற்கும் ஏவுகணைக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று எதிரிக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். எதிரி ஏவுகணை விட்டால் அரை மணி நேரத்தில் குழி போய்விடும். ஆகவே எச்சரிக்கை வந்த உடனே, அது நிஜமா பொய்யா என்று முழுசாகத் தெரிவதற்கு முன்பே, ஏவுவதா இழப்பதா என்று அதிபர் முடிவெடுக்க வேண்டும். கையில் இருப்பது சில நிமிஷம். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கு இந்த அவசரம் கிடையாது. அது எங்கே என்று யாருக்கும் தெரியாது, அதனால் நாளைக்குக்கூட யோசித்துப் பதிலடி கொடுக்கலாம். மினிட்மேன் என்ற பெயரே நிமிஷத்தில் தயாராகிறவன் என்றுதானே அர்த்தம்? அந்த அவசரத்தைத்தான் 14,090 கோடி டாலர் கொடுத்து 2075 வரை புதுப்பிக்கிறார்கள்.

அந்தச் சில நிமிஷத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டாம். வரலாறே இருக்கிறது.

1979 நவம்பர் 9. வட அமெரிக்க வான் பாதுகாப்புத் தலைமையகத்தின் திரைகளில் சோவியத்தின் முழு அளவுத் தாக்குதல் தெரிந்தது. போர் விமானங்கள் கிளம்பின. அதிபரின் அவசரகால விமானம் அதிபர் இல்லாமலேயே மேலே போயிற்று. விசாரித்தால், பயிற்சிக்கான தாக்குதல் காட்சி நிஜக் கணினிக்குள் புகுந்துவிட்டிருந்தது.

1980 ஜூன் 3. மறுபடி எச்சரிக்கை. வருகிற ஏவுகணைகளின் எண்ணிக்கை காட்டும் இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக 2 என்ற எண் அங்கங்கே முளைத்தது. குண்டுவீச்சு விமானங்கள் இன்ஜினைக் கிளப்பிவிட்டன. ஏவுகணைக் குழுக்கள் உஷாராயின. காரணம், கெட்டுப்போன ஒரு சிப். விலை 46 சென்ட்.

மறுபக்கமும் இதே கதைதான். 1983 செப்டம்பர் 26. அமெரிக்க ஏவுகணைக் குழிகளையே கண்காணித்துக்கொண்டிருந்த சோவியத் செயற்கைக்கோள், ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகச் சொன்னது. மேகத்தில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை நெருப்பென்று நினைத்துவிட்டது. அன்று பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி, இது பொய் எச்சரிக்கைதான் என்று மேலிடத்துக்குச் சொன்னார். அவர் ஊகம் சரியாக இருந்தது. அதனால்தான் இன்றைக்கு இதை எழுதவும் படிக்கவும் ஆள் இருக்கிறது.

மூன்று தடவையும் பிழைத்தாயிற்று, இனியும் பிழைப்போம் என்பவர்கள், மூன்று தடவை ரெட் சிக்னலைத் தாண்டியும் மோதாத டிரைவரின் பஸ்ஸில் தினமும் ஏறத் தயாரா?

இதைச் சொல்பவர்கள் கொடி பிடிக்கும் சமாதானவாதிகள் மட்டுமல்ல. 1994 முதல் 1997 வரை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த வில்லியம் பெர்ரி, தரை ஏவுகணைகளையே கைவிட வேண்டும் என்று 2016-ல் வெளிப்படையாக எழுதினார். ஜெனரல் ஜேம்ஸ் மேட்டிஸ் 2015-ல் செனட் குழு முன்பு, தரை ஏவுகணைகளை நீக்கினால் பொய் எச்சரிக்கையின் அபாயம் குறையுமே, அதற்கு நேரம் வந்துவிட்டதா என்று கேட்டார். (இரண்டு வருஷம் கழித்து அவரே அமைச்சரானார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மூன்றும் தேவை என்று மாறிவிட்டார். நாற்காலியின் மகிமை!)

மறுபக்கத்து வாதம்

நியாயமாக அதையும் கேட்க வேண்டும்.

முதல் வாதம்: 450 குழிகள் இருந்தால் எதிரி அத்தனையையும் அடிக்க நூற்றுக்கணக்கில் குண்டு செலவழிக்க வேண்டும். குழிகள் இல்லையென்றால் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தளங்களை அடித்தால் போதும். இது கேலி செய்யக்கூடிய வாதம் அல்ல. ஆனால் இதன் அர்த்தம் என்ன? எதிரியின் குண்டுகளை உறிஞ்சும் பஞ்சாக அந்த ஐந்து மாநிலங்களை வைத்திருப்பது. கிம்பால் ஊர்க்காரர்களிடம் இதை யாராவது இந்த வார்த்தைகளில் சொல்லி ஓட்டுக் கேட்பார்களா? தவிர, தளங்கள் எல்லாம் போனாலும் கடலில் ரோந்து சுற்றும் கப்பல்கள் மிச்சம் இருக்கும். அமெரிக்காவிடம் 14 ஓஹையோ வகை நீர்மூழ்கிகள், ஒவ்வொன்றிலும் 20 ஏவுகணைக் குழாய்கள். அதில் ஒரு கப்பல் தப்பினாலே எந்த நாடும் தாங்காது. அது எதிரிக்கும் தெரியும்.

இரண்டாவது வாதம்: நாளைக்கு நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டால்? வரலாம். ஆனால் குழியைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் நேற்றே வந்துவிட்டது! என்றோ திருட்டுப் போகலாம் என்று லாக்கரில் இருக்கும் நகையை எடுத்து வாசல் திண்ணையில் வைப்பார்களா?

மூன்றாவது வாதம்: ரஷ்யாவும் சீனாவும் செய்கின்றனவே? செய்கின்றன. சீனா பாலைவனத்தில் 300-க்கும் மேற்பட்ட குழிகள் தோண்டியது 2021-ல் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. ரஷ்யாவின் புது ஏவுகணை சர்மாத், 2024 செப்டம்பரில் பிளெசெட்ஸ்க் தளத்தில் குழியிலேயே வெடித்துப் பெரிய பள்ளத்தை விட்டுச் சென்றது. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் கடைசியாக மிச்சமிருந்த எண்ணிக்கை வரம்பான நியூ ஸ்டார்ட் ஒப்பந்தமும் 2026 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டது. எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். எல்லோரும் அவசரத்தில் இருக்கும்போது இன்னொரு அவசரக்காரரைச் சேர்ப்பது பாதுகாப்பா?

போன காசு

கடைசியில் எஞ்சுவது ஒரே ஒரு சாக்கு. "இவ்வளவு செலவழித்தாயிற்று, இனி நிறுத்தினால் எல்லாம் வீண்." எந்த காஸ்டிங் வகுப்பிலும் இதற்கு ஒரே பதில்தான். போன காசு போனதுதான். முடிவெடுக்க வேண்டியது இனி போகப் போகும் காசை வைத்து. பெரும்பாலான குழிகள் இன்னும் தோண்டப்படவில்லை, கேபிள் இழுக்கப்படவில்லை, விவசாயியின் நிலம் அப்படியே இருக்கிறது. நிறுத்துவதற்கு இதைவிட மலிவான நேரம் இனி வராது.

மினிட்மேன் ஓடுகிற வரை எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்து ஓய்வு கொடுக்கலாம். கப்பல்களும் விமானங்களும் போதும். அதற்கு முதலில் காங்கிரஸ் அந்த 400 என்ற எண்ணைச் சட்டத்திலிருந்து அழிக்க வேண்டும். பிறகு, கேட்கப்படாத அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: தரையில் ஏவுகணை இல்லாவிட்டால் அமெரிக்கர் ஒருவர் எந்த வகையில் கூடுதல் ஆபத்தில் இருப்பார், இருந்தால் எந்த வகையில் கூடுதல் ஆபத்தில் இருப்பார்? இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். அடிக்குறிப்போடு எழுதட்டும்.

அந்த அடிக்குறிப்பில் 46 சென்ட் சிப்புக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அது கெட்டுப்போனால் வரும் நஷ்டத்தில் அமெரிக்கா மட்டும் பங்குதாரர் அல்ல. ஒரு பைசா முதல் போடாத உலகம் முழுவதும் பங்குதாரர்தான்.